உட்கார்ந்து பார்க்கும் வெளிச்சம்

என் பக்கத்து வீட்டு நபிஜான் பதினான்கு வருஷம் ரஷ்யாவில், யெகாத்தரின்பர்கில் வேலை பார்த்துவிட்டு, இனிமேல் போகப்போவதில்லை என்று பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய அன்று, பெண்டாட்டி முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நேரே விருந்தறைக்குள் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

"இதப் பிரிச்சிடணும்" என்றான்.

பெண்டாட்டி ஸும்ரத் தேநீர்க் கிண்ணத்தோடு அவன் பின்னால் நின்றாள். "மொதல்ல இதக் குடிங்க. கூரை எங்கயும் ஓடிப் போயிடாது."

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். எப்போதும் அங்கேதான் இருப்பேன். எங்கள் இரண்டு முற்றங்களுக்கும் நடுவில் ஒரு சின்னக் கதவு உண்டு. எங்கள் உஸ்பெக் ஊரான கோகந்தின் பழைய தெருக்களில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் உண்டு. அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் ஜன்னல் திரை தைப்பவள். ஹோசியத் என்று பேர். ஊரில் பாதி வீட்டு ஜன்னல்களுக்கு நான்தான் அளவெடுத்திருக்கிறேன். யார் வீட்டு ஜன்னல் கோணல், யார் வீட்டு மனசு கோணல் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் நான் சொல்வதை நம்பலாம். என்னைப் பற்றிச் சொல்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்து நம்புங்கள்.

நபிஜானுக்கு அங்கே கூரையில் விளக்குப் பதிக்கிற வேலை. ஜிப்சம் பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு, உள்ளங்கையில் அடங்குகிற விளக்கை அதற்குள் செருகி, வெளியே வெள்ளை விளிம்பு மட்டும் தெரியும்படி விட்டுவிடுவது. விளக்கு இருப்பதே தெரியாது, வெளிச்சம் மட்டும் இறங்கும். ஆயிரம் வீடாவது போட்டிருப்பான். ஃபோனில் அந்த வீடுகளின் படங்களை எனக்குக் காட்டினான். எல்லாம் பளபளவென்று இருந்தன. எந்தப் படத்திலும் ஆள் இல்லை. கேட்டால், வேலை முடிந்ததும் படம் எடுத்துவிட்டு, வீட்டுக்காரர்கள் குடிவருவதற்கு முன்பே அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்களாம். இத்தனை வீட்டில் போட்டவன் சொந்த வீட்டில் ஒரு பல்புகூட மாட்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, இருபது நாள் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போய்விடுவான். பல்பு போனால் ஸும்ரத்தே நாற்காலி போட்டு ஏறி மாற்றிவிடுவாள்.

திரும்பி வந்தவனுக்கு வீட்டில் பொருந்தி உட்கார இடமில்லாமல் போனது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. ஏணியில் நின்று நின்று முழங்கால் மடங்க மறந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சுவரோரம் மெத்தை போட்டு, குட்டை மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட, அவன் மட்டும் முற்றத்தில் மாதுளைச் செடிப் பக்கத்தில் காலிப் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து கிண்ணத்தை மடியில் வைத்துச் சாப்பிடுவான்.

வாரத்துக்கு இரண்டு தரம் அவன் பழைய மேஸ்திரி கெனாடி அங்கிருந்து, வேலைக்குத் திரும்பி வா என்று ஃபோன் போடுவான். மணி அடித்ததும் நபிஜான் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றபடியே பேசுவான். அவன் பேசி முடிக்கும் வரை, ஸும்ரத் மாவு பிசைந்துகொண்டிருந்தால் அந்தக் கை நின்றுவிடும்.

"அக்கா, வர்றப்ப போமாட்டேன்னுதான் சொன்னாரு" என்றாள் என்னிடம். "இப்ப அந்தாளுகிட்ட, கல்யாணம் முடியட்டும் பாக்கலாம்ங்கிறாரு. எங்கிட்ட, இந்த ஒரு ரூம என் கையால செஞ்சு முடிச்சிட்டா இது என் வீடு, இல்லன்னா எனக்கு இங்க என்ன வேலைங்கிறாரு. நீ எல்லாத்தையும் தனியா செய்யப் பழகிட்டேங்கிறாரு. பழகாம என்னக்கா பண்றது? பல்பு போனா இருட்டுலயா ஒக்காந்திருப்பேன்?"

அவர்கள் மகன் அசீஸ்பெக்குக்கு நவம்பர் கடைசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் அந்த விருந்தறையில்தான் முகம் பார்க்கிற சடங்கு நடக்கும். மருமகள் முகத்திரை போட்டு நிற்க, தெருப் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, திரையை விலக்கி முதல் தடவையாகப் பெண்ணின் முகத்தை எல்லோருக்கும் காட்டுவார்கள். அதற்குள் அறை தயாராக வேண்டும். நபிஜானின் மானம், ஸும்ரத்தின் நிம்மதி எல்லாம் அந்தக் கூரையில் தொங்கியது.

கூரையில் தொங்கிய இன்னொன்று, ஸும்ரத்தின் சரவிளக்கு. நபிஜான் முதல் வருஷம் அனுப்பிய பணத்தில் அவள் வாங்கியது. ஏழு கை, ஒவ்வொரு கையிலும் கண்ணாடி மணிகள். பெருநாளுக்குப் பெருநாள் ஒவ்வொரு மணியாகக் கழற்றி வினிகர் தண்ணீரில் கழுவி மாட்டுவாள்.

"இதெல்லாம் இப்ப யாரும் மாட்டுறதில்ல ஸும்ரத்" என்றான் நபிஜான்.

"யாரும் மாட்டலன்னாதான் எனக்குப் பிடிக்கும்."

"நடுவுல ஒத்தக் கொக்கி, அதுல ஒரு மூட்டைக் கண்ணாடி. தலைமேல விழுற மாதிரியே இருக்கு."

"பதினாலு வருஷமா விழல. அடியில நீங்க இல்லாததால விழலயோ என்னவோ."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் சரவிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றவள், "சரி, கழட்டுங்க. உங்க கையால இந்த வீட்ல ஒண்ணு நடக்கட்டும். ஆனா இத எங்க வைக்கிறது?" என்றாள்.

அவள் வாயை மூடுவதற்குள் நான், "எங்கிட்டக் குடு. என் தையல் ரூம்ல மாட்டிக்கிறேன். ஊசியில நூல் கோக்கக் கண்ணே தெரியல" என்றேன். என் பாவம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

விளக்கு வாங்க மூன்று பேரும் பஜாருக்குப் போனோம். பருத்தி அறுவடை முடிந்து ஊர் ஓய்ந்திருந்த நேரம்; காலையிலேயே தூறல். விளக்குக் கடை வரிசையில் மிர்சோ என்பவன் கடைக்குள் நுழைந்தால் கண் கூசும். மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாம் விளக்கு, எல்லாம் எரிகிறது. என் பையில் பெண் வீட்டார் ஜன்னல் திரைக்காகத் தேர்ந்தெடுத்த துணியில் ஒரு துண்டு இருந்தது. நல்ல மாதுளை நிறம். வழக்கப்படி திரை பெண் வீட்டுச் சீர். தைக்கிற பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. அந்தத் துண்டை மிர்சோவின் வெள்ளை விளக்கடியில் பிடித்தேன். கசாப்புக் கடையில் இரண்டு நாள் தொங்கிய ஈரல் போல ஆகிவிட்டது.

"இந்த வெளிச்சத்துல இந்தத் திரைய மாட்டினா, பொண்ணோட அம்மா என்ன உயிரோட விடமாட்டா" என்றேன்.

"எல்லாரும் வெள்ளைதான்க்கா வாங்குறாங்க" என்றான் மிர்சோ. "ஊசி கீழ விழுந்தாக்கூட கண்டுபிடிச்சிடலாம்."

"என் வீட்டுக்கு வர்றவங்க ஊசி தேட வரல தம்பி, சோறு திங்க வர்றாங்க" என்றாள் ஸும்ரத். தன் பையிலிருந்து காலையில் சுட்ட வட்ட ரொட்டி ஒன்றை எடுத்தாள். ஒவ்வொரு விளக்காக அதன் அடியில் ரொட்டியை நீட்டி நீட்டிப் பார்த்தாள். நபிஜான் கூச்சத்தில் நெளிந்தான்.

"என்ன பண்ற? டப்பாவுல நம்பர் போட்டிருக்கும். மூவாயிரம்னா மஞ்சள், ஆறாயிரத்து ஐந்நூறுன்னா வெள்ளை. அத வச்சு வாங்கணும்."

"நம்பரையா பிட்டுத் திங்கப் போறோம்? ரொட்டி ரொட்டி மாதிரி தெரியணும். அவ்வளவுதான்."

ஐந்தாவது விளக்கடியில் ரொட்டி, தந்தூரிலிருந்து அப்போதுதான் எடுத்தது போலச் சிவந்து தெரிந்தது. ஸும்ரத் "இது" என்றாள். நபிஜான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தான். மூவாயிரம். பன்னிரண்டு கேட்டான்.

"அந்த மஞ்சள்ல தலை திரும்புற மாடல்தான் இருக்குண்ணே" என்றான் மிர்சோ. "விளக்கப் பிடிச்சு இப்பிடி இப்பிடித் திருப்பிக்கலாம்."

"அது நகைக்கடைக்கு மாட்டுறது. வீட்டுக்கு எதுக்கு?"

"திருப்பலன்னா அது பாட்டுக்கு நேரா பாத்துக்கிட்டு இருக்கும். சோறா கேக்கப்போவுது?"

நபிஜான் முனகிக்கொண்டே அதையே வாங்கினான்.

வேலை எட்டு நாள் நடந்தது. முதலில் சரவிளக்கு இறங்கி என் வீட்டுக்கு வந்தது. பிறகு தகரச் சட்டம், அதன்மேல் ஜிப்சம் பலகை, பட்டி, பெயிண்ட். பழைய கொக்கி பலகைக்கு மேலே மறைந்துபோனது. நபிஜான் வேலை செய்கிற அழகை உட்கார்ந்து பார்க்கலாம். ஓர் அடிகூட வீணாக நடக்க மாட்டான். நூல் பிடித்து, பென்சிலால் புள்ளி வைத்து, டிரில்லில் வட்ட ரம்பத்தை மாட்டி அழுத்தினால் அப்பளம் போல ஒரு வட்டம் கழன்று விழும். வெள்ளைப் பொடி அவன் புருவத்தில், மீசையில், அண்ணாந்து நின்ற ஸும்ரத்தின் தலைமுக்காட்டில் எல்லாம் கொட்டும். அவள்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்க ஏணிய யாரு பிடிப்பா?"

"யாரும் பிடிக்க மாட்டாங்க. அது தானா நிக்கும்."

"அப்ப நான் விட்டுடவா?"

"விட்டுடாத" என்றான் நபிஜான், கூரையைப் பார்த்தபடியே.

மத்தியானம் மந்தி, அதாவது பூசணிக்காய் வைத்து மடித்த மாவுக் கொழுக்கட்டை, அவித்துக் கொண்டுவருவாள். ஏணியிலிருந்து அவன் இறங்க மாட்டான். அவள் ஒவ்வொன்றாக மேலே நீட்டுவாள், அவன் குனிந்து வாயில் வாங்கிக்கொள்வான். ஐம்பது வயது ஆள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலை மறுபடி அளந்தேன். ஏற்கெனவே மூன்று தடவை அளந்த ஜன்னல்.

விளக்கின் இரண்டு பக்கமும் எலிப்பொறி போலக் கம்பிச்சுருள் இருக்கும். அதை மடக்கிப் பிடித்து ஓட்டைக்குள் விட்டால் சட்டென்று விரிந்து பலகையைக் கவ்விக்கொள்ளும். கொஞ்சம் அசந்தால் விரலைக் கவ்வும். பன்னிரண்டு விளக்குக்கு நபிஜான் நாலு தரம் கடி வாங்கினான். ஒவ்வொரு தரமும் ரஷ்ய மொழியில் திட்டினான். ஸும்ரத் அதன் அர்த்தத்தைக் கேட்பாள், அவன் சொல்ல மாட்டான்.

இப்போது என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். புள்ளி வைக்கிற அன்று அவன் சுவரிலிருந்து அறுபது சென்டிமீட்டர் அளந்து, நாலு பக்கமும் சுவரை ஒட்டியே வரிசையாகக் குறித்தான். எனக்குள் ஏதோ இடித்தது. அந்த இடத்தில்தானே நாங்கள் எல்லோரும் உட்காருவோம்? வெளிச்சம் நேரே உச்சந்தலையில் அல்லவா கொட்டும்? கேட்பதற்கு வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் சரவிளக்கு அதற்குள் என் தையல் அறையில் ஏறி, ஏழு கையும் எரிந்து, ஊசிக்கண் ஊர்க்கதவு மாதிரித் தெரிய ஆரம்பித்திருந்தது. இவன் திட்டம் தப்பு என்று சொன்னால் அது திரும்பிப் போய்விடும். ஆயிரம் வீட்டில் போட்டவனுக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால், பெண்ணின் அம்மா அறையைப் பார்த்து ஜன்னல் அளவெடுக்க வருவது வழக்கம். சல்தனத் தன் இரண்டு தங்கைகளோடு வந்தாள். அவள் மழலைப் பள்ளி நடத்துகிறவள். எவ்வளவு பெரிய மனிதரிடமும் ஐந்து வயதுக் குழந்தையிடம் பேசுவது போலத்தான் பேசுவாள். தூறல் பனிமழையாக மாறியதால் டாக்சிக்காரன் சீக்கிரம் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார்கள். மேசையில் இன்னும் விரிப்புகூடப் போடவில்லை. நடுவில் வெறும் மேசை, கீழே கறுஞ்சிவப்புக் கம்பளம், சுவரோரம் புது மெத்தைகள். சாயங்காலம் ஐந்து மணி, வெளியே இருட்டிவிட்டது.

நபிஜான் புதுச் சட்டை போட்டு சுவிட்ச் பக்கத்தில் காத்திருந்தான். எல்லோரும் உள்ளே வந்ததும் தட்டினான்.

மூன்று பெண்களும் அண்ணாந்து "ஆ" என்றார்கள். சும்மா சொல்லக் கூடாது, கூரை அவ்வளவு அழகாக இருந்தது. பன்னிரண்டு பொன் வட்டம், ஒன்றுக்கொன்று நூல் பிசகவில்லை. "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க சம்பந்தி. வெரி குட்" என்றாள் சல்தனத். கையில் நட்சத்திரம் ஒட்டாத குறைதான். நபிஜான் முகம் மலர்ந்தது. அதன்பின் ஸும்ரத், "ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று அவர்களை வாசலுக்கு எதிரே, மரியாதைக்குரிய இடத்தில் உட்காரவைத்தாள்.

உட்கார்ந்த சல்தனத் இடப்பக்கத் தங்கையைப் பார்த்தாள். "ஏண்டி, ஒனக்கு ஒடம்பு சரியில்லையா? சொல்லியிருந்தா வர வேணாம்னு சொல்லியிருப்பேன்ல?"

"எனக்கென்னக்கா, நல்லாத்தான் இருக்கேன். நீங்கதான் ராத்திரி தூங்கலையோன்னு பாத்தேன்."

வலப்பக்கத் தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் இருக்கிற கோலத்தப் பாத்தா எனக்கு துஆ ஓதணும் போல இருக்கு."

அவளுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? மூன்று பேருக்கும் நெற்றியும் மூக்கு நுனியும் பளபளத்தன. கண் இருந்த இடத்தில் இரண்டு குழி. மூக்குக்குக் கீழே நிழல் விழுந்து, ஆளுக்கொரு கறுத்த மீசை. சல்தனத் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மெதுவாக மூடினாள்.

"சம்பந்தியம்மா" என்றாள். "எம் பொண்ணு தில்னவாஸுக்கு மீச கெடையாது."

கண்ணாடியைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"முகம் பாக்கிற அன்னிக்கு இந்தத் தெருவே இங்க வந்து ஒக்காரும். முகத்திரைய வெலக்குனதும் இப்பிடி ஒண்ணு தெரிஞ்சா, பொண்ணு வீட்டுக்காரங்க எதையோ மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னுதான் பேசுவாங்க. நான் கோவத்துல சொல்லல, பொறுமையாத்தான் சொல்றேன். அந்தச் சடங்க எங்க நாத்தனா வீட்ல வச்சுக்குவோம். அங்க நல்ல ஹால் இருக்கு."

பொறுமையாகச் சொன்னதுதான் குத்தியது. மாப்பிள்ளை வீட்டில் முகம் பார்க்காமல் வேறு வீட்டுக்குப் போனால், இந்த வீட்டில் ஏதோ கோளாறு என்று ஐம்பது வருஷம் பேசுவார்கள். நபிஜான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தான். வெளியே போனான்.

நான் பின்னாலேயே போனேன். மாதுளைச் செடிப் பக்கம், தகரத் தாழ்வாரத்தின் கீழ் தன் வாளிமேல் உட்கார்ந்திருந்தான். தகரத்தில் பனிமழை படபடத்தது.

"ஆயிரம் வீட்ல போட்டிருக்கேன்க்கா. ஒருத்தன் குறை சொன்னதில்ல. சொந்த வீட்டுல வந்து மானம் போச்சு. பேசாம கெனாடி கூப்பிடுறப்ப வர்றேன்னு சொல்லிட வேண்டியதுதான். எனக்கு அங்கதான் லாயக்கு."

நான் சொல்லிவிட்டேன். "நபி, தப்பு எம்மேலயும் இருக்கு. நீ புள்ளி வச்சப்பவே எனக்குத் தோணிச்சு. சொல்லல."

"ஏன்?"

"சரவிளக்குக்காக."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "அவ்வளவு நல்லா எரியுதா?" என்று கேட்டான்.

"ஏழு கையும் எரியுது."

"கொண்டாந்தாலும் மாட்ட முடியாது. கொக்கிய மூடிட்டேன்" என்றான்.

அதற்குள் ஸும்ரத் படியில் வந்து நின்றாள். அவள் அழுதிருப்பாள் என்று நினைத்தால் அப்படி ஒன்றுமில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அசீஸோட அப்பா, எந்திரிங்க. உள்ள வாங்க."

"இன்னும் எதுக்கு?"

"ஒண்ணு கேக்கறேன். நீங்க அந்த ரூம்ல ஒக்காந்து பாத்தீங்களா?"

"ஏணியில இருந்து பாத்தேன். வாசல்ல நின்னு பாத்தேன்."

"விருந்துக்கு வர்றவங்க ஏணியிலயா ஒக்காந்து சாப்பிடுவாங்க? வாங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மூன்று பெண்களுக்கும் முன்னால், வாசல் பக்கத்து மெத்தையைக் காட்டி "ஒக்காருங்க" என்றாள். அவன் ஒரு கையால் சுவரைப் பிடித்தான், இன்னொரு கையால் அவள் தோளைப் பிடித்தான். முழங்கால் இரண்டும் சுள்ளி ஒடிகிற மாதிரிச் சத்தம் போட்டன. ஊருக்கு வந்த நாலு மாதத்தில் முதல் தடவையாக அவன் தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்து எதிரே பார்த்தான். எதிரே சல்தனத், மீசையோடு. பிறகு தன் தலைக்கு நேரே மேலே பார்த்தான். கண் கூசிக் குனிந்துகொண்டான்.

அப்புறம் அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பார்த்தால், சிரிக்கிறான்.

"அங்க எல்லாரும் ரூம் நடுவுல மேச போட்டு நாற்காலியில ஒக்காருவாங்க. சுவரோரம் அலமாரி இருக்கும். படம் மாட்டியிருக்கும். அதுமேல வெளிச்சம் படணும்னுதான் அறுபது சென்டிமீட்டர். கை அப்பிடியே பழகிடுச்சு." சல்தனத்தைப் பார்த்துக் கையைக் கூப்பாத குறையாகச் சொன்னான்: "மன்னிச்சுக்கங்க சம்பந்தியம்மா. உங்கள அலமாரி இருக்கிற எடத்துல ஒக்கார வச்சிட்டேன்."

சல்தனத் கொஞ்சம் அகலமானவள். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவளுடைய தங்கைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டு பேரும் வெடித்துச் சிரிக்க, சல்தனத்தின் மீசைகூட ஒரு பக்கம் கோணியது.

நபிஜான் அதற்குள் எழுந்துவிட்டான். "தலை திரும்பும்ல!" என்றான். மிர்சோ தலையில் கட்டிவிட்ட நகைக்கடை விளக்கு. ஏணியைக் கொண்டுவந்தான். ஸும்ரத் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விளக்காகத் தொட்டு, அறையின் நடுவைப் பார்க்கும்படி சாய்த்தான். விருந்தாளிகளைத் தாண்டித் தாண்டி ஏணி நகர்ந்தது. அவர்கள் மெத்தையோடு நகர்ந்து வழிவிட்டார்கள். பன்னிரண்டும் திரும்பியபோது மீசை போய்விட்டது. ஆனால் முகங்கள் மங்கலாகவே இருந்தன. பன்னிரண்டு விளக்கின் வெளிச்சமும் நடுவில் இறங்கியது. அந்தப் பழைய கறுத்த மேசையும் கறுஞ்சிவப்புக் கம்பளமும் அதை அப்படியே குடித்துவிட்டன.

"இப்ப நம்ம எல்லாரும் கெணத்தச் சுத்தி ஒக்காந்த மாதிரி இருக்கு" என்றாள் ஒரு தங்கை.

நபிஜான் ஏணி உச்சியில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவன் படித்த பாடம் அத்தோடு முடிந்துவிட்டது.

ஸும்ரத் ஏணியிலிருந்து கையை எடுத்தாள். "ஏணி தானா நிக்கும்னு சொன்னீங்கல்ல, ஒரு நிமிஷம் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. நிச்சயத்தன்று இரண்டு வீட்டாரும் சம்மதத்துக்கு அடையாளமாக ரொட்டி வைத்துப் பிட்ட வெள்ளைத் துணியைக் கொண்டுவந்தாள். துவைத்து, மடிப்புக் கலையாமல் கல்யாணத்துக்காக எடுத்து வைத்திருந்தது. அதை உதறி மேசை முழுக்க விரித்தாள்.

வெளிச்சம் துணியில் பட்டு அப்படியே மேலே எழுந்தது. எல்லோர் முகத்திலும் கீழேயிருந்து மெதுவாக ஏறியது. குழி இருந்த இடத்தில் கண் வந்தது, கன்னம் கன்னமாகத் தெரிந்தது. நான் முப்பது வருஷமாகத் துணியும் வெளிச்சமுமாகக் காலம் தள்ளுகிறவள். எனக்கு இது தோன்றவில்லையே என்று பொறாமையாக இருந்தது.

"ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்றான் நபிஜான் மேலேயிருந்து.

"பனி பெஞ்ச காலையில விளக்கே போடாம இந்த ரூம் எப்பிடிப் பளிச்சுனு இருக்கும்? மேலருந்தா வருது? முற்றத்துல கெடக்கிற பனியிலருந்துதான வருது. பதினாலு பனிக்காலம் இங்க ஒக்காந்து பாத்திருக்கேன்."

சல்தனத் மறுபடி கண்ணாடியைத் திறந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கழுத்துச் சுருக்கம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

"சம்பந்தி" என்றாள். "அந்த மூணாவது விளக்க மட்டும் இன்னும் கொஞ்சம் எம்பக்கம் திருப்புங்க."

திருப்பினான்.

"ம். முகம் பாக்கிறது இங்கயேதான். நாத்தனா வீட்டு ஹால் அவ்வளவு நல்லா இல்ல." கண்ணாடியை மூடவே இல்லை. "கல்யாணம் முடிஞ்சதும் எங்க வீட்டு விருந்தறையையும் வந்து பாக்கணும். பள்ளிக்கூடத்துல ஒரு ரூமும் இருக்கு. பசங்க தரையிலதான் ஒக்காருவாங்க."

"எங்க வீட்டையும்" என்றாள் வலப்பக்கத் தங்கை.

"அக்கா வீட்டுக்கு மொதல்ல" என்றாள் சல்தனத், வரிசையில் முந்துகிற குழந்தையை நிறுத்துவது போல.

அதற்கப்புறம் அந்த அறையில் நடந்தது வெறும் சாப்பாடும் சிரிப்பும்தான். ரொட்டி வந்தது, திராட்சையும் வால்நட்டும் வந்தன, ஆவி பறக்க மந்தி வந்தது. துணியின் வெள்ளை மறைந்துவிடாமல் ஸும்ரத் தட்டுகளை ஓரமாகவே வைத்தாள். திரைத்துணியை எடுத்து நான் ஜன்னலில் பிடித்துக் காட்டினேன். மாதுளை மாதுளையாகவே இருந்தது. நபிஜான் ஏணியை மடக்கிக்கொண்டு வழக்கம் போல வாசல் பக்கம் நகர்ந்தான், தன் வாளியை நோக்கி.

"எங்க போறீங்க?" என்றாள் ஸும்ரத். இரண்டு தலையணையை அடுக்கி, மேசையோரம் இடம் செய்தாள். "ஒக்காருங்க. கால நீட்டிக்கங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மறுபடி சுள்ளி ஒடிந்தது. உட்கார்ந்துவிட்டான். கால்களை மேசைக்கடியில் நீட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டான்.

அப்போது ஜன்னலோரம் வைத்திருந்த அவன் ஃபோன் அடித்தது. திரையில் கெனாடியின் பெயர். நபிஜான் பழக்கதோஷத்தில் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. ஸும்ரத் ஒரு கையில் தேநீர்க் கிண்ணத்தோடு போய் ஃபோனை எடுத்தாள். பள்ளிக்கூடத்தோடு விட்ட ரஷ்ய மொழியில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்துப் பேசினாள்.

"ஆமா, நான் அவர் பெண்டாட்டி... இங்கதான் இருக்காரு... இல்ல, வர முடியாது. ஒக்காந்திருக்காரு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவள் நபிஜானைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஊன்றிய கையை எடுத்து, பழையபடி தலையணையில் சாய்ந்துகொண்டான்.

"இனிமே எந்திரிக்க மாட்டாரு" என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

தேநீரோடு வந்து அவன் முன்னால் நின்றாள். நபிஜான் அண்ணாந்து பார்த்தான். வெள்ளைத் துணியிலிருந்து எழுந்த வெளிச்சம் ஸும்ரத்தின் முகத்தில் நிறைந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மொதல்ல இதக் குடிங்க" என்றாள்.